காளான் மருந்துக்கு முன் ஒரு கேள்வி

அன்பே,

இந்தக் கடிதம் நாளைக் காலை உன் கைக்கு வரும். நான் பாசல் மருத்துவமனையிலிருந்து நாளை மாலை ரயிலில்தான் வருவேன். மனதை மயக்கும் காளானிலிருந்து எடுக்கும் அந்த மருந்தை எனக்குக் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

எந்த மாத்திரைக்கும் மசியாத என் மனச்சோர்வு இதில் தீரும் என்று நீ எவ்வளவு நம்பியிருந்தாய்! நானும்தான். அதனால், 'குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

இன்று காலையில் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் பிரூனர் சொன்னார்: "இதுல எழுந்து நின்னவங்க நிறையப் பேர். ஆனா அந்த நோய் குடும்பத்துல இருந்தா, கலங்கின புத்தி தெளியாமலே போயிடலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

உன் முகம் நினைவுக்கு வந்தது. "எனக்கு ஒரு தம்பி இருக்கான்," என்றேன். "ரேட்டோ. மனச்சிதைவுதான். பத்தொன்பது வருஷமா மனநல இல்லத்துல இருக்கான். என் மனைவிக்குக்கூடத் தெரியாது."

டாக்டர் மருந்தை உள்ளே வைத்துப் பூட்டினார். "வேற சிகிச்சை பார்ப்போம். முதல்ல வீட்டுல சொல்லுங்க," என்றார்.

நீ விட்டுப் போய்விடுவாயோ என்ற பயத்தில்தான் ஒற்றைப் பிள்ளை என்று பொய் சொன்னேன். மன்னித்துவிடு.

பிறகு அந்த இல்லத்துக்கு ஃபோன் செய்து ரேட்டோவைக் கூப்பிடச் சொன்னேன். நான் "ஹலோ" என்றதுமே, "அண்ணா, நீயா? ஏன் இவ்வளவு லேட்டு?" என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போகிறேன். நீயும் வருவாயா?

உன்னவன்