இடித்த அண்ணனுக்கு

அண்ணே,

இன்று காலை மிளகாய்ச் சாக்குகளை ராமநாதபுரம் கமிஷன் கடைக்கு ஏற்றிவிட ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்திருந்தோம். வண்டி வந்து நிற்கும் முன்பே மீன் வாடை வாசலுக்கு வந்துவிட்டது. டிரைவர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "நேத்து தொண்டியில இருந்து நெத்திலி ஏத்துனேன்க்கா. நல்லாத்தான் கழுவுனேன், வாடை போக மாட்டேங்குது" என்றார். "இருந்துட்டுப் போகட்டும், மிளகாயும் மீனும் சேந்தா பாதிக் குழம்பு ரெடி" என்று சொல்லிவிட்டு நானே சிரித்தேன். சிரித்து முடித்ததும் கண் கலங்கிவிட்டது. யாரை நினைத்துக்கொண்டேன் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும்.

உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வாடைதான் எனக்குப் பழக்கமானது. அன்றைக்கு உப்பூர் தாண்டி, நான் ஸ்கூட்டியில் ஒழுங்காக ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் உங்கள் மீன் வண்டியில் வந்துகொண்டிருந்த நீங்கள், ஐஸ் பெட்டியைக் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்துவிட்டதா என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்தீர்கள். அந்த நொடியில் நான் கருவேல முள்ளுக்குள் கிடந்தேன். வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. இடித்துவிட்டு நிற்காமல் ஓடிப்போகிறவர்களைப் பற்றித்தான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் பெட்டியைத் திறந்து, மீனுக்குப் போட்டிருந்த ஐஸை அள்ளித் துண்டில் கட்டி என் காலில் வைத்தீர்கள். பிறகு ரோட்டில் போனவர்களைக் கூப்பிட்டு என்னைத் தூக்கி, அதே வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். அங்கே டாக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "காலை மீன் மார்க்கெட்லயாம்மா உடைச்ச?" என்று கேட்டார். அந்த வலியிலும் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

என் வீட்டுக்காரர் ஓடிவந்ததும் முதல் வேலையாக உங்கள் சட்டையைப் பிடித்தார். நீங்கள் கையைக்கூடத் தட்டிவிடவில்லை. "அடிங்க, தப்பு என்னுதுதான்" என்று நின்றீர்கள். அப்படி நிற்கிற ஆளை எப்படி அடிப்பது? அவர் சட்டையை விட்டுவிட்டார்.

மறுநாள் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தீர்கள். கையில் கொஞ்சம் கொடுத்து, கேஸ் வேண்டாம் என்று கெஞ்சப் போகிறீர்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். எங்கள் பக்கம் அதுதானே வழக்கம்! நீங்களோ கவரிலிருந்து வண்டிக் காகிதங்களை எடுத்துக் கட்டிலில் பரப்பினீர்கள்.

"என் மேல கேஸ் குடு தங்கச்சி. இன்சூரன்ஸ் இன்னும் நாலு மாசம் உசுரோட இருக்கு. வருசா வருசம் கட்டுறேன், எனக்கு ஒரு டீ வாங்கித் தந்ததில்ல. உன் காலுக்காவது ஆகட்டும். நான் கையில இருந்து குடுத்தா கட்டுத் துணிக்குக்கூடக் காணாது."

தன்மேல் புகார் கொடுக்கச் சொல்லி இப்படி மன்றாடுகிற ஆளை போலீஸ் ஸ்டேஷனிலும் பார்த்திருக்க மாட்டார்கள். எழுதிக்கொண்ட ஏட்டு உங்களை இரண்டு தரம் ஏற இறங்கப் பார்த்தாராம். நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள்.

மதுரையில் ஆபரேஷன் செய்து காலுக்குள் பிளேட் வைத்தார்கள். என் சங்கிலியும் தோடும் அடகுக்குப் போயின. இனி குத்தவைத்து உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிளகாய்க்காட்டில் களை எடுத்தே காலம் தள்ளுகிறவளிடம் சொல்கிற பேச்சா அது? கூலிக்கு ஆள் விட்டே விவசாயம் பார்த்தால் காடு எத்தனை நாளைக்குக் கையில் நிற்கும்? நஷ்டஈடு வந்தால்தான் நகையும் திரும்பும், காடும் தங்கும் என்ற நிலை. ராமநாதபுரம் கோர்ட்டில் மனுப் போட்டோம். நான் மனுதாரர். நீங்கள் முதல் எதிர்மனுதாரர், இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டாவது. "பள்ளிக்கூடத்துல ஒரு நாளும் வாங்காத மொத எடம், இங்கன வாங்கிட்டேன் பாத்தியா" என்று பெருமைப்பட்டுக்கொண்டீர்கள்.

வாய்தாவுக்கு மேல் வாய்தா. பஸ் படி ஏற எனக்குக் கால் மடங்காது. ஒரு வாய்தா அன்று காலையில் வாசலில் ஹாரன் கேட்டது. எட்டிப் பார்த்தால் உங்கள் வண்டி. என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இடிச்ச வண்டியிலயேவா?" என்றார். "ஒரு ஆள ஒரு தடவைதான் இடிப்பேன், ஏறுங்க மாப்பிள்ள" என்றீர்கள். அன்றைக்கு அவர் மாப்பிள்ளை ஆனவர்தான், கடைசிவரை உங்களுக்கு மாப்பிள்ளைதான்.

போகிற வழியெல்லாம் உங்கள் கதைதான். கடற்கரையில் பிறந்தும் வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுப்பீர்களாம். அதனால்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தீர்களாம். "கடல் என்னைய வேண்டாமுன்னு தள்ளிவிட்டுச்சு, ரோடு உன்னையத் தள்ளிவிட்டுச்சு" என்பீர்கள். "ரோடா தள்ளிவிட்டுச்சு?" என்று நான் கேட்டால் உடனே பாட்டைச் சத்தமாக வைத்துவிடுவீர்கள்.

என் வக்கீல் இதைக் கண்டுபிடித்த அன்று எங்களை நிற்கவைத்துத் திட்டினார். "இடிச்ச வண்டியிலயே வந்து இறங்குனா யாரும்மா நம்புவா? ரெண்டு பேரும் பேசிவச்சுப் போட்ட கேஸுன்னு சொல்லிடுவாங்க. கோர்ட்டுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே கூடாது." அதற்குப் பிறகு நீங்கள் என்னைக் கோர்ட்டுத் திருப்பத்திலேயே இறக்கிவிட்டு, பத்து நிமிஷம் கழித்து உள்ளே வந்து, எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என்னை முறைப்பீர்கள். உங்களுக்கு எங்கே முறைக்கத் தெரியும்? பல்வலிக்காரர் மாதிரிதான் இருக்கும். ஒரு நாள் அந்த முறைப்போடே எழுந்து வந்து, "தங்கச்சி, சோத்து டப்பாவ வண்டியிலயே விட்டுட்டுப் போயிட்ட" என்று நீட்டினீர்கள். வராண்டாவே திரும்பிப் பார்த்தது. என் வக்கீல் பார்க்காதவர்போல் நகர்ந்துவிட்டார்.

அப்புறம் என்னைக் கூண்டில் ஏற்றிய நாள். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் இளவட்டம். விபத்து எப்படி நடந்தது என்று கேட்டார்.

"நான் ஓரமாத்தான் போனேன் தம்பி. அண்ணன் பின்னாடி வந்து இடிச்சுட்டாக."

வக்கீல் நிமிர்ந்தார். "யாரு? அண்ணனா?"

"ஆமா, அந்தா நிக்கிறாகளே."

"முதல் எதிர்மனுதாரர் உங்களுக்கு அண்ணன் முறையா?"

"முறைன்னு பாத்தா அண்ணன் முறைதான்."

டைப் அடிக்கிற சத்தம் படபடவென்று கேட்டது. என் வக்கீல் நெற்றியில் கை வைத்தார். அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அந்தத் தம்பி அடுத்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். உங்கள் வண்டியிலிருந்து நான் இறங்குகிறேன், நீங்கள் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். "அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து நஷ்டஈட்டுக்காக ஜோடிச்ச வழக்கு இது" என்றார். சங்கிலி, தோடு, மிளகாய்க்காடு எல்லாம் ஒரே வார்த்தையில் போச்சு என்று நினைத்தேன். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே நீங்கள் எனக்குமேல் வேர்த்துப்போய் நின்றீர்கள்.

நீதிபதியம்மாதான் கேட்டார். "இவர் உங்க கூடப்பிறந்தவரா? சொந்தக்காரரா?"

"இல்லம்மா. இடிக்கிறதுக்கு முன்னாடி இவுக மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல."

"பின்ன ஏன் அண்ணன்னு சொல்றீங்க?"

"மூத்தவுகள பேரு சொல்லியாம்மா கூப்பிடுறது? இந்தா, இவுகள நான் தம்பின்னுதான் கூப்பிட்டேன். அதுக்காக எங்காத்தா வயித்துல பொறந்தவுக ஆயிருவாகளா?"

கோர்ட்டே சிரித்தது. அந்தத் தம்பியும் சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. "அவர் வண்டியில ஏன் வந்தீங்க?"

"கால் மடங்கல, பஸ்ஸுல ஏற முடியல. உடைச்சவுகதானே கொண்டாந்து விடணும்? நீங்க வந்து கூப்பிட்டா உங்க வண்டியில வாரேன்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு வாய் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. கடைசியில் நான் சொன்னதையெல்லாம் கோர்ட்டுத் தமிழில் அடித்து, வாசித்துக் காட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதில் ஒரு வரி: "முதல் எதிர்மனுதாரர் எனக்கு உறவினர் என்றால் சரியல்ல." பேனாவைப் பிடித்த கை கொஞ்சம் நின்றது. நீங்கள் எனக்குச் சொந்தமில்லை என்பது சட்டப்படி உண்மை, எனக்குத் தெரியும். நீங்கள் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதும் தெரியும். போட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது தேவிபட்டினம் வரை நீங்கள் பாட்டுக்கூட வைக்கவில்லை. "கோவமாண்ணே?" என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்ல. சொந்தமில்லைன்னு சத்தியம் பண்ணிட்ட. இனிமே குடுக்கிற மீனுக்குக் காசு கேக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு வாரேன்."

தீர்ப்பு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இன்சூரன்ஸ் கம்பெனிதான் கட்டவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நகை வீட்டுக்கு வந்தது, காடும் கையில் நின்றது. அன்று நீங்கள் ஒரு முழுச் சீலா மீனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, ஜெயித்தது நீங்கள்தான் என்பதுபோல் தெருவெல்லாம் சொல்லிவிட்டீர்கள். வழக்கில் தோற்றதற்கு மீன் வாங்கிக் கொடுத்த முதல் எதிர்மனுதாரர் நீங்கள்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் என் காட்டு மிளகாய் உங்கள் வீட்டுக்கு, மதினி கைக்கு வந்தது, உங்கள் மீன் இங்கே வந்தது. காசு நீங்கள் கேட்கவே இல்லை.

போன ஐப்பசியில் ஒரு காலை, நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தது. நானும் வீட்டுக்காரரும் ஓடிவந்தோம். உங்கள் வாசலில் அவ்வளவு கூட்டம். உங்கள் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார், "நீங்க எந்த ஊரும்மா? அவுக உங்களுக்கு என்ன வேணும்?"

கூண்டில் நின்று அத்தனை பேசிய வாய்க்கு அங்கே ஒரு சொல் வரவில்லை. அண்ணன் என்று சொல்லத்தான் ஆசை. அது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் ஆயிற்றே, எந்த உரிமையில் சொல்வது? அப்போது உள்ளே இருந்து மதினியின் குரல், அழுதழுது கட்டிப்போன குரல், வாசல்வரை வந்தது.

"நாத்தனா வந்துருக்காக. வழி விடுங்க!"

கூட்டம் விலகியது. உங்கள் தலைமாட்டில் எனக்கு இடம் விட்டார்கள். எனக்குக் கால் மடங்காது என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, யாரோ ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்கள். உங்கள் கூடப்பிறந்த அக்காமார் தரையில் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் பார்த்திருந்தால் அதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

இப்போதும் அந்த வீட்டுக்குப் போனால் நான் நாத்தனாதான். கோர்ட்டில் நான் சத்தியம் செய்து மறுத்ததை உங்கள் வீட்டில் ஒருத்தரும் ஏற்றுக்கொள்ளவில்லை, அண்ணே.

உங்கள் தங்கச்சி