பதினாறு வாரத்துக்கும் ஒரே முத்திரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், கோதுமைக்குத்தான் சுகமில்லை. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் ஒரு முக்கியச் செய்தி. பால் வாங்க இனி வாய்க்கால் தெரு வழியாகப் போவதில்லை, பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டே போவது என்று நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறேன். ஆலோசனையில் கலந்துகொண்டவன் நான் ஒருவன்தான். அரை லிட்டர் பாலுக்கு இவ்வளவு பெரிய ஊர்வலமா என்று உன் அம்மா கேட்டாள். வாய்க்கால் தெருவில் பக்கத்து வயல் அத்தையின் வீடு இருக்கிறது. அவள் விஷயத்தைச் சொல்லத்தான் இரண்டு முறை உனக்குப் போன் செய்தேன், இரண்டு முறையும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

உங்கள் ஆய்வு நிலையத்துக்காக நம் வயலோரம் ஒரு பாத்தி விட்டிருக்கிறோம் அல்லவா, துரு நோய் வந்தால் முதலில் அங்கே தெரியட்டும் என்று எதையும் தாங்காத பழைய கோதுமை ரகத்தை விதைத்த பாத்தி. சனிக்கிழமைதோறும் அதில் இறங்கி, பத்து இடத்தில் நின்று, இலையை வெள்ளைத் துணியால் துடைத்து, மஞ்சள் தூள் ஒட்டுகிறதா என்று படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். அப்பா பொறுப்பானவர் என்று சொல்லி அந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தவள் நீ. ஒன்பது வருஷம் ஒழுங்காக இறங்கினேன், ஒன்பது வருஷமும் துணி வெள்ளையாகவே வந்தது. வராத விருந்தாளிக்காக எத்தனை நாள்தான் வாசலில் நிற்பது? இந்தப் பருவம் ‘நோய் தென்படவில்லை’ என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கி, பதினாறு வாரப் படிவங்களிலும் ஒரே மதியத்தில் குத்திக் கையெழுத்தும் போட்டு வைத்தேன். அம்மா வாரம் ஒன்றாகத் தபாலில் சேர்த்தாள். இடுப்புப் பிடித்து நான் படுத்துக் கிடந்த வாரமும் நோய் தென்படவில்லை. ஒழிந்ததென்று நினைத்த துரு புது வடிவில் திரும்புகிறது, இதுவரை தாங்கிய ரகங்களும் இனித் தாங்காது என்று நீ எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நடை நன்றாக இருந்தது.

ஏழாவது வாரம் அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இலையில் மஞ்சள் கோடு கோடாகத் தெரிகிறதே, மருந்து அடிக்கட்டுமா என்று கேட்டாள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. என் பாத்தியிலேயே ஒன்றுமில்லை, உன் பயிரில் எப்படி வரும், உரம் போதாமல் இருக்கும் என்றேன். படித்தவர் சொல்கிறாரே என்று உரம் வாங்கிப் போட்டாள். உரம் கூடிய பயிரில் துரு இன்னும் செழிக்கும் என்பது உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. பத்தாவது வாரம் அவள் வயலைச் சுற்றிவிட்டு வந்தபோது முழங்கால் வரை மஞ்சள் பொடி. அன்றுதான் நான் பாத்தியில் இறங்கினேன். துடைத்துப் பார்க்கத் துணி தேவைப்படவில்லை. அவள் சண்டை போடவில்லை. “நீங்க பாத்துட்டுத்தானே சொன்னீங்க, அண்ணே?” என்று மட்டும் கேட்டாள். “ஆமாம்மா” என்றேன். அதை ஸ்டாம்ப் இல்லாமல், என் வாயாலேயே சொன்னேன்.

முந்தாநாள் உங்கள் வட்டார அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். உங்க படிவம்தான் சார் ரொம்ப சுத்தமா இருக்கும், மத்தவங்களுக்கு அதைத்தான் காட்டுவோம் என்றார். திட்டியிருக்கலாம். இந்த வட்டாரத்துக்கு மருந்து தேவையில்லை என்று போன மாதம் வந்த அறிவிப்பை எடுத்துக் காட்டினார். அடியில் உன் கையெழுத்து. அதைத் திரும்பப் பெற்று, மற்றவர்களையாவது உடனே மருந்து அடிக்கச் சொல்கிறார்களாம். உன்னிடம் விளக்கம் கேட்பார்கள். நடந்ததை நடந்தபடி சொல், என்னை மூடி மறைக்காதே. அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதே அம்மா, இது வயதால் வந்ததில்லை. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. அலுவலகத்தில் வந்த தைரியம் அவள் வாசலில் வரமாட்டேன் என்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணாடியை மாற்றச் சொல்லி மூன்று மாதமாகிறது, மாற்று. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதோ இல்லையோ, அம்மாவும் சேர்ந்துதான் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு. அத்தையின் நான்கு ஏக்கரையும் இன்று மாட்டுத் தீவனத்துக்கு அறுத்தார்கள். பதினொரு மணிக்குள் முடிந்துவிட்டது.