சுல்தானுக்கு மீன் எண்ணெய்

மார்ச் 26, வியாழன்
காலையிலேயே வெக்கை. பக்கத்து வளவுக் குசுமா தன் பெட்டையாட்டை இழுத்துக்கொண்டு வந்தாள். நம்ம கிடா சுல்தானிடம் இரண்டு தடவை விட்டும் சினை பிடிக்கவில்லை.

"நானா, இன்னும் ஒருக்கா பாப்பேன். இல்லாட்டி நாவுல பக்கம் வேற கிடா தேடிப் போறேன். கோவிக்க வேணாம்."

சுல்தானின் தாய் வெள்ளைக் காதுக்காரி. பாட்டன் கொம்பு முறிந்த கறுப்பன். அந்த வம்சத்தில் ஒரு கிடாவும் தவறியதாக நினைவில்லை.

மகன் நிசாம்: "ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வித்துருவம் வாப்பா. பலாபத்வல ஹாஜியார் கேட்டுக்கிட்டே இருக்காரு."

மார்ச் 28, சனி
மாட்டு டொக்டர் நோனா வந்தார். விதை அளக்க டேப் மறந்துவிட்டாராம். மருமகள் ரிஸ்வானா சட்டை தைக்கிற டேப்பை நீட்டினாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். பெண்கள் இரண்டு பேரும் திருப்பவில்லை.

விதைக்கு மேலே கொழுப்பு மூடியிருக்கிறது. சூடு வெளியே போக வழியில்லை. நோனா விரல் வைத்துக் காட்டி, என்னைச் சிங்களத்தில் பாட்டன் முறை வைத்துக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சீயா, இவன் கறிக்கு அழகு. வேலைக்கு இல்ல."

புண்ணாக்குக் குறைக்கணும். தீனியில் கொஞ்சம் மீன் எண்ணெய். கொழுப்பிலும் சாதி உண்டாம்: ஒன்று உடம்பில் தங்கும், ஒன்று வித்துக்குப் போய்ச் சேரும். புது வித்து ஊறிவர இரண்டு மாதம். இத்தனை காலம் ஆடு வளர்த்தேன், இப்படிப் பிரித்துச் சொன்ன ஆளில்லை. கெட்டிக்காரி. இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லிக் குசுமாவிடம் கேட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்
பின்னேரம் இடி. மீன் எண்ணெய்த் தவிட்டை முகர்ந்து தும்மினான் சுல்தான். வாய் வைக்கவேயில்லை. ரிஸ்வானா இனிப்புக்குக் கித்துள் பாணி சொட்டவிட்டுப் பிசைந்தாள். சட்டியையும் நக்கினான். யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன்.

"உங்க மகனுக்குப் பாவக்கா குடுக்கிறதும் இப்பிடித்தான் மாமா."

மே 20, புதன்
ஹாஜியார் நேரிலேயே வந்தார். சுல்தானைச் சுற்றி நடந்தார்.

"இது என்ன, நோன்பு புடிச்ச கிடாவா? யானை மாதிரி நின்னானே. சரி, பேசின விலைக்கே எடுக்கிறேன். இன்டைக்குச் சொல்லுங்க. பெருநாளுக்குப் பொறகு எனக்கு வேணாம்."

நிசாம் என்னைப் பார்த்தான். இல்லை என்றேன். ஹாஜியார் தேத்தண்ணீர் குடிக்காமல் போனார். நிசாமும் சாப்பிடவில்லை.

குசுமாவின் ஆடு இந்த முறையும் பிடிக்காவிட்டால் இரண்டும் போச்சு. விலையும் போய், கிடா என்ற பேரும் போய். ஆனாலும் இளைத்த பிறகு நடை எப்படி இருக்கிறது. முதுகு வில் மாதிரி.

ஜூன் 1, திங்கள்
நல்ல காற்று. குசுமாவின் ஆடு வாலை ஆட்டி ஆட்டிக் கத்தியது. சுல்தான் மேலுதட்டைச் சுருட்டினான். முன்பெல்லாம் ஏறவே மூச்சு வாங்கும். இன்றைக்குக் கண் மூடித் திறப்பதற்குள் காரியம் முடிந்தது. மாஷா அல்லாஹ்.

குசுமா சிரித்தாள். "மூணு கிழமை, இருபத்தொரு நாளுல ஆடு திரும்பக் கத்தினா இழுத்துட்டு வருவேன் நானா. கத்தாட்டி சினைதான், வரமாட்டேன்."

ஜூன் 24, புதன்
வெயில். குசுமா வரவில்லை. நேற்றும் இல்லை. முந்தாநாளும் இல்லை. வேலிப்பக்கமே கண். போய்க் கேட்கவும் பயம்.

பத்து மணி போல நிசாம் உப்பு வாங்கக் கடைக்குப் போகிறேன் என்று சைக்கிளை எடுத்தான். கடை இந்தப் பக்கம், அவன் போனது அந்தப் பக்கம்.

திரும்பி வந்தவன் என் பக்கத்தில் குந்தினான்.

"அந்த ஆடு சும்மா படுத்து அசை போடுது வாப்பா. கிட்டப் போய் ரொம்ப நேரம் நின்னு பாத்தேன். ஒரு சத்தம் இல்ல."

உப்பு எங்கே என்று ரிஸ்வானா கேட்டாள். மறந்துவிட்டானாம்.