நீ சொல்லி முடிக்கும் வரை

இன்று காலை வெள்ளானூரில் என் தையல் கூடத்துக்குப் புதுத் துணி வந்து இறங்கியது. கட்டைப் பிரித்ததும் கஞ்சி வாசனை முகத்தில் அடித்தது. பூந்தமல்லியில், நீ அத்தா என்று கூப்பிடும் உன் அப்பாவின் தையல் கடையும், மெஷினுக்குப் பக்கத்தில் துணிக் குவியலின் மேல் உட்கார்ந்து படிக்கும் உன் முகமும் சட்டென்று நினைவுக்கு வந்தன. நீ போய் ஆறு வருடம் ஆகிறது.

கல்லூரி மூன்றாம் ஆண்டில் வகுப்பில் ஒரு படிவம் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? சொந்தத் தொழில் தொடங்கும் தன்னம்பிக்கை உங்களுக்கு எவ்வளவு, ஐந்துக்குள் மதிப்பெண் போடுங்கள் என்று. நான் ஒன்று போட்டேன். நீ இரண்டு. அடுத்த கேள்வி, தொழில் தொடங்குவீர்களா என்பது. நான் யோசிக்காமல் ‘இல்லை’ என்றேன். நீ ‘ஆம்’ என்று எழுதினாய். எப்படி என்று கேட்டேன்.

“தைரியம் ரெண்டுதான் கீது. அதுக்காக ஆ... ஆ... ஆசைய வுட்டுட முடியுமாடி?”

உனக்குத் திக்கும். எனக்குப் பேச்சு தண்ணீர் மாதிரி ஓடும். ஆனாலும் பயந்தவள் நான்தான்.

அந்த விடுமுறையில் பயிற்சிக்காக அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போனோம். ஆண்கள் அளவில் தைத்த ஓவர்கோட்டை நமக்கும் மாட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள், தொங்கிய என் கோட்டுக் கையை மெஷின் இழுக்கப் பார்த்தது. நீ பாய்ந்து சுவிட்சை அணைத்தாய். அன்று இரண்டு கோட்டையும் பையில் சுருட்டிக்கொண்டு போனவள், மறுநாள் கை குறுக்கி, மணிக்கட்டில் பட்டன் வைத்துக் கொண்டுவந்தாய். அங்கே வேலை செய்த அக்காக்கள் சூழ்ந்துகொண்டார்கள். “எனுக்கும் இத்த மாரி ஒண்ணு தச்சிக் குடு பாப்பா.” அன்றுதான் உன் ஆசைக்கு ஓர் உருவம் கிடைத்தது.

கல்லூரியில் தொழில் திட்டப் போட்டி வந்தபோது, நம் கோட்டுத் திட்டத்தைப் பற்றி நான் பேசுகிறேன் என்றேன். நீ விடவில்லை. மேடையில் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லில் சிக்கி நின்றாய். பின்வரிசையில் சிரித்தார்கள். பொறுக்க முடியாமல் அந்தச் சொல்லை நான் சொல்லிவிட்டேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு எல்லாவற்றையும் நீயே பேசி முடித்தாய். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் நடுவராக வந்திருந்த ஒரு தொழிற்சாலை மேலாளர், இரண்டு மாதிரி தைத்து எடுத்து வரச் சொன்னார்.

நசரத்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நீ கேட்டாய்.

“ஏண்டி என் வார்த்தைய நீ எடுத்துக்கின?”

“உதவியாத்தான்டி சொன்னேன்.”

“நான் சொல்றதுக்குள்ள நீ சொல்லிட்டா, என்னால மு... முடியாதுன்னு நானே நம்பிடுவேன்.”

மன்னிப்புக் கேட்டேன். அதன்பின் ஒருமுறைகூட உன் சொல்லை நான் எடுக்கவில்லை. நீ முடிக்கும் வரை காத்திருந்தேன். காத்திருக்கக் காத்திருக்க நீ திக்குவதே எனக்குக் கேட்காமல் போயிற்று.

மாதிரிகளை வெட்டி வைத்த வாரத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். ஐந்தாம் நாள் நீ இல்லை.

எனக்கு ஒரு கம்பெனியில் வேலை உறுதியாகியிருந்தது. ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பா, தன் திருநெல்வேலிப் பேச்சில், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “கைக்கு வேலை வந்திருக்கு. ஒத்தையில என்னத்தட்டி தைக்கப் போற?” அவர் சொன்னதில் தவறில்லை. உன் அத்தாவிடம் துக்கம் கேட்கத்தான் போனேன். நீ வெட்டி வைத்ததை அவர் தைத்து முடித்து, மடித்து வைத்திருந்தார். “அந்த மேனேஜர்கிட்ட நீ போவலன்னாலும் பரவால்ல மா. புள்ள ஆசயா வெட்னது, வச்சிக்கோ.”

நான் போனேன். அந்த மேலாளர் முன்னால் உட்கார்ந்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. கோட்டை மேசைமேல் வைத்துவிட்டு வாயைத் திறந்தேன், முதல் எழுத்திலேயே சிக்கினேன். அவர் நல்ல மனிதர். “பரவாயில்லமா, இப்ப முடியாதுன்னுதானே சொல்ல வந்தீங்க?” என்றார்.

“இல்ல சார். ஒரு நிமிஷம். நானே சொல்றேன்.”

தைத்துத் தருகிறேன் என்று சொல்ல ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆயிற்று. சொன்னேன்.

வெளியே வந்து, பழக்க தோஷத்தில், உன் எண்ணுக்குத்தான் போன் போட்டேன். மணி அடித்த பிறகே உறைத்தது. வைப்பதற்குள் அத்தா எடுத்துவிட்டார்.

“சொல்லு மா.”

“அத்தா... ஆர்டர் குடுத்துட்டாங்க.”

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. நான் காத்திருந்தேன்.

“எத்தினி கோட்டு?”

“இருபது.”

“சரி. அளவு எல்லாம் எடுத்துகினு வா. நாளைக்கே வெட்டலாம்.”

இப்போது பதினொரு பெண்கள் இங்கே தைக்கிறார்கள். அத்தாதான் வெட்டுகிறார். அப்பா ஓய்வு பெற்ற பிறகு பட்டன்களை எண்ணித் தருகிறார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன்: புது ஆளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தப் பயம் என்னோடு வாசல் வரை வருகிறது. நின்று, ஒரு மூச்சு இழுத்துவிட்டு, அதையும் கூட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறேன்.