சாம்பியாவுக்கு நீ சொல்லவிருந்த பதில்

இன்று காலை உன் செம்பைப் புளி போட்டுத் துலக்கினேன். பழப்புளியும் ஈரச் செம்பும் சேர்ந்து வரும் வாடை கையில் ஏறினால் சவர்க்காரத்துக்கும் போகாது. கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் இருந்து கன்னத்தில் கை வைத்தேன், அங்கேயும் அதே வாடை. இஷொய் மாடிவீட்டுக் குசினி ஜன்னலில் அதை வைத்திருக்கிறேன். சாமிக்குத் தண்ணீர் வைக்கும் செம்பென்று அம்மா நினைத்திருக்கிறார். ஒரு காலத்தில் அதில் அபராதக் காசு கிடந்ததென்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

டென்மார்க்கில் ஓல்போர்க் பல்கலைக்கழகத்தில் படிப்பென்றால் குழு. தனியே இருந்து படித்துத் தள்ளிவிட நினைப்பவர்களுக்கு அங்கே இடமில்லை. அந்தப் பருவத்தில் நாங்கள் நான்கு பேர். நீ, நான், டெனிஷ்காரர்களான மெட்டே, யென்ஸ். கானாவையும் சாம்பியாவையும் எடுத்து, இரண்டின் பொருளாதாரத்தையும் அரசாங்கக் கடனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். கானா எனக்கு, சாம்பியா உனக்கு. பிந்தி வருபவர் அபராதம் போடவேண்டும், சேர்ந்த காசில் கேக் வாங்கவேண்டும் என்று யென்ஸ் முதல் நாளே சட்டம் போட்டான். எல்லாக் குழுக்களிலும் அப்படி ஒரு பெட்டி உண்டு. நீ மறுநாள் பெட்டிக்குப் பதிலாக வீட்டிலிருந்து இந்தச் செம்பைக் கொண்டுவந்து நடு மேசையில் வைத்தாய்.

"சாம்பியாவில கிண்டின செம்பாத்தான் இரிக்கும். என்ட நாட்டுச் சாமான்" என்று அவர்களுக்கு டெனிஷிலும் எனக்குத் தமிழிலும் சொன்னாய். நான் விடுவேனா? கானாக் கொக்கோ என்று சொல்லி ஒரு சொக்கலேட்டை வாங்கி என் பக்கத்தில் வைத்தேன். அன்று தொடங்கியது எங்கள் சண்டை.

இரண்டு நாடுகளின் பழைய கடன்களிலும் பெரும்பகுதி ஏறக்குறைய ஒரே காலத்தில் மன்னிக்கப்பட்டிருந்தது. என் கானா அதன்பிறகு உலகச் சந்தைக்குப் போய்த் தன் பெயரில் கடன் எடுத்தது. கடலில் எண்ணெயும் கண்டுபிடித்திருந்தார்கள். நான் கானாவை 'நல்ல மாணவி' என்று எழுதினேன். உன் சாம்பியா செம்பின் விலை ஏறினால் சிரிக்கும், இறங்கினால் படுத்துவிடும். அந்த வருடம் உலகப் பொருளாதாரமே படுத்திருந்தது.

"கடன் எவ்வளவு எண்டு மட்டும் பாக்காத கா. ஆரிட்ட வாங்கினது, என்ன வட்டி, என்னத்துக்கு எண்டு பாரு" என்பாய், தோழியை அழைக்கும் உன் ஊர் 'கா'வோடு. சுரங்கங்களை விற்றபோது வரியைக் குறைத்து ஒப்பந்தம் எழுதிவிட்டார்கள், செம்பு விலை ஏறிய காலத்திலும் அந்த மக்களுக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை என்று பொரிந்து தள்ளுவாய். மழை கொட்டும்போது வாளியை எடுக்க விடாமல் கையைப் பிடித்து வைத்திருப்பது போல என்று ஒருமுறை சொன்னாய். மெட்டே அதை அப்படியே டெனிஷில் அறிக்கையில் எழுதிவிட்டாள்.

எனக்கு ஒப்பிடுவது வீட்டுப் பழக்கம். நான் உன்னைப் பற்றித் தொலைபேசியில் சொன்ன முதல் நாளே அம்மா, "மட்டக்களப்புப் பிள்ளையோ? கெட்டிக்காரியோ? உன்னைவிடக் கூடப் புள்ளியோ?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் பிறந்து டென்மார்க்கில் வளர்ந்த நான் அந்தக் கேள்விக்குக் கோபப்பட்டிருக்க வேண்டும். "இல்லையம்மா, என்னைவிடக் குறைவு" என்று பதில் சொன்னேன். அதுவும் பொய்.

பிறகு அந்த வசந்தம் வந்தது. உன் அக்கா வன்னியில் கலியாணம் முடித்து அங்கேயே இருந்தாள். யுத்தம் இறுகிக்கொண்டு வந்தபோது அவளுடைய தொடர்பு அறுந்துபோனது. தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று காலையெல்லாம் தொலைபேசியில் நின்றுவிட்டு நீ பிந்தி வருவாய். கதவைத் திறந்ததும் செம்பில் காசைப் போடுவாய். யென்ஸ் கைதட்டுவான். "பஸ் பிந்திட்டுது" என்பாய். நானும் சேர்ந்து சிரிப்பேன். நான் சிரிக்காவிட்டால் அவர்கள் ஏன் என்று கேட்பார்களே.

"ஒண்டும் சொல்லிப் போடாத கா. பாவம் எண்டு பாப்பாங்க" என்று நீ எனக்குச் சொல்லியிருந்தாய்.

பரீட்சையைத் தள்ளிப்போடக் கேள், எழுதிக் கொடுத்தால் தருவார்கள் என்று நான் சொன்னேன். கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்று சொன்னது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நீ கோப்பையைக் கீழே வைத்தாய்.

"என்னத்த எழுதிற? என்ட அக்கா உசிரோட இரிக்காவோ இல்லையோ தெரியா எண்டா? சாம்பியாவும் கானாவும் இப்பிடித்தானே கா செஞ்சதுகள். நாங்க எவ்வளவு ஏழை எண்டு பக்கம் பக்கமா எழுதி, நிரூபிச்சு, அவங்க சொன்னதுக்கெல்லாம் ஓம் எண்டு, அதுக்குப் பிறகுதானே மன்னிப்பு. எனக்கு அது வேணாம். நான் படிச்சிரிக்கன். படிச்சதச் சொல்லிப் பாஸ் பண்ணுவன்."

அந்தப் பரீட்சையில் உனக்கு என்ன வேண்டியிருந்தது என்பதை நீ இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. எனக்கு அது விளங்கியும் இருந்தது. அதனால்தான் இந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை.

யுத்தம் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். மறுநாள் நாங்கள் இருவரும் நித்திரையில்லாத கண்களோடு குழு அறைக்குள் போனோம். மேசையில் கேக். அதன்மேல் பிறந்தநாளுக்குக் குத்துவது போலச் சின்னச் சின்ன டெனிஷ் கொடிகள். யென்ஸ் எழுந்து நின்றான். "செய்தியில் கேட்டேன். உங்கள் நாட்டில் யுத்தம் முடிந்துவிட்டதாம். நல்லதுதானே?" என்றான். நல்ல மனம் உள்ளவன். முகமெல்லாம் சிரிப்பு. அபராதச் செம்பைக் கவிழ்த்து அந்தக் கேக்கை வாங்கியிருந்தான். அதில் கிடந்த காசு அநேகமாக எல்லாம் உன்னுடையது.

நீ கொடியைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சாப்பிட்டாய். அவனுக்கு நன்றி சொன்னாய். நானும் சாப்பிட்டேன். என் துண்டில் பாதி தட்டிலேயே கிடந்தது. உன் தட்டில் ஒரு துகள்கூட மிஞ்சவில்லை.

பரீட்சை வந்தபோதும் அக்காவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முகாம்களில் இருப்பவர்களின் பெயர்களை யார் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அறிக்கையைக் குழுவாக எழுதினாலும் வாய்மொழிப் பரீட்சைக்கு ஒவ்வொருவராகத்தான் உள்ளே போகவேண்டும். முடித்தவர் விரும்பினால் பின் கதிரையில் இருந்து மற்றவரின் பரீட்சையைக் கேட்கலாம். வாய் மட்டும் திறக்கக்கூடாது. நான் என் கானாவை ஒப்புவித்து முடித்துவிட்டு உனக்குத் துணையாகப் பின் கதிரையில் இருந்தேன்.

நீ அருமையாகத் தொடங்கினாய். செம்பு, வரி, வட்டி, நாட்டின் வருமானத்தில் எவ்வளவு பங்கு கடனுக்குப் போகிறது என்று தண்ணீர் போல வந்தது. எங்கள் மேற்பார்வையாளர் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் வெளியிலிருந்து வந்த பரீட்சகர், நரைத்த தலை, மெல்லிய குரல், பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"இதற்குப் புத்தகத்தில் பதில் இருக்காது. கடன் மன்னிக்கப்பட்ட ஒரு நாடு, அதற்குப் பிறகு மன்னித்தவர்களின் முகத்தை எப்படிப் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறீர்கள்?"

நீ வாயைத் திறந்தாய். மூடினாய். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாய். எனக்கு உன் பின்கழுத்து மட்டும்தான் தெரிந்தது. மேற்பார்வையாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. பரீட்சகர் பேனாவைத் திரும்ப எடுத்தார்.

நான் எழுந்து நின்றேன். "இவளுடைய அக்கா யுத்தத்துக்குள் அகப்பட்டவள். உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாது" என்று டெனிஷில் சொல்லிவிட்டேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு உன்னைப் பார்த்தார்கள். பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து தன் கையாலேயே உனக்குத் தண்ணீர் வார்த்துக் கொடுத்தார். அதன்பிறகு ஒரு கேள்வியும் இல்லை. உனக்கு உயர்ந்த புள்ளி கிடைத்தது. வாசல்வரை வந்து உன் தோளில் தட்டி அனுப்பினார்கள்.

நடைபாதையில் நீ சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கத்த வசதியாக இருந்திருக்கும்.

"என்ட அக்காவ வித்து எனக்குப் புள்ளி வாங்கித் தந்திட்டாய் கா" என்றாய். "நான் சாம்பியாவப் பத்திச் சொன்னது ஒண்டாவது அந்த மனிசனுக்கு இனி ஞாபகம் இரிக்குமா?"

உனக்காகத்தான் செய்தேன் என்று உனக்குச் சொன்னேன். ரயிலில் இஷொய்க்கு அம்மா வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது. உண்மை அது இல்லை. நீ விழிக்கிறாய் என்று அவர்கள் நினைக்கிறார்கள், தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்து ஒப்புவிப்பவர்கள், யோசிக்கச் சொன்னால் முழிப்பவர்கள் என்று நினைக்கிறார்கள், அந்தப் பட்டியலில் என்னையும் சேர்த்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம் வந்தது. உன் மௌனம் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை மறைக்கத்தான் உன் அக்காவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

சில வாரங்களில் அக்கா ஒரு முகாமில் உயிரோடு இருப்பது தெரியவந்தது. நீ எனக்குச் சொல்லவில்லை. உன் அம்மாவிடமிருந்து யாரோ கேட்டு, சுற்றிச் சுற்றி என்னிடம் வந்தது. அடுத்த பருவம் நீ வேறு குழுவுக்குப் போய்விட்டாய். நான் படிப்பை முடித்து இந்தப் பக்கம் வந்துவிட்டேன். நீ கலியாணம் முடித்து ஓல்போர்க்கிலேயே தங்கிவிட்டாய். கலியாண மண்டபங்களில் கண்டால் சுகம் கேட்போம். பிள்ளைகளின் பிறந்தநாளுக்குச் செய்தி அனுப்புவோம். அதற்குமேல் போக எனக்குத் துணிவு வரவில்லை.

பதினொரு வருடம் கழித்து உன் சாம்பியா முதலில் விழுந்தது, மறுபடி எடுத்த கடனைக் கட்ட முடியாமல். அதன்பிறகு எங்கள் தீவு. அந்தச் செய்தியைக் கேட்டபோது என் மனதில் முதலில் வந்த சொல் "நல்லா வேணும்" என்பதுதான். யுத்தத்துக்கு வாங்கிய கடனும் அதில் இருக்கும்தானே என்று ஒரு சந்தோஷம். மறுநாள் சின்னம்மா மானிப்பாயில் காஸ் சிலிண்டரோடு வரிசையில் நிற்கும் படம் வந்தது. அவருக்கு முழங்கால் வருத்தம். கடனை யார் வாங்கினாலும் வரிசையில் நிற்பது வேறு ஆள் என்று நீ சாம்பியாவை வைத்துத் தொண்டை வறளச் சொன்னதெல்லாம் எனக்குச் சின்னம்மாவின் முழங்காலைப் பார்த்துத்தான் மண்டையில் ஏறியது. அன்றிரவு உன்னிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"உன்ட கானா மட்டும்தான் இனி மிச்சம்."

நான் சிரித்தேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு நீ என்னைக் கிண்டல் செய்திருக்கிறாய். நல்ல பதிலாக எழுதவேண்டும் என்று யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு சிரிக்கும் முகத்தை மட்டும் அனுப்பினேன். அந்த வருடம் முடிவதற்குள் என் நல்ல மாணவியும் கடன் கட்டுவதை நிறுத்தினாள். உன் கிண்டல் வருமென்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. இன்னும் கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நீ அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தாய். யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லும்படியான இடத்தில் நான் இருக்கவும் இல்லை.

உன் இறுதிக்கிரியைக்கு வந்தேன். யென்ஸும் மெட்டேயும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் உன் ஜாடையில் ஒரு பெண் இருந்தாள். நோயில் உன்னைப் பார்க்க ஊரிலிருந்து வந்த அக்கா என்று யாரோ சொன்னார்கள். நான் கதவுப் பக்கமாக நழுவப் பார்த்தேன். அவளே தேடி வந்துவிட்டாள்.

"தங்கச்சி, நீங்கதான் சோதினையில என்ட கதையச் சொன்ன ஆளா?"

"ஓம் அக்கா" என்றேன்.

"அவ அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. நான் முகாமுக்குள்ள கிடந்துகொண்டே டென்மார்க்கில சோதினை பாஸ் பண்ணின ஆளாம்." அழுத கண்ணோடு சிரித்தாள். "ஆனா உங்களுக்கு ஒரு விசயம் தெரியுமா? அவ அண்டைக்கு அழுதுகொண்டு நிக்கல்லயாம். விடை தெரியாமலும் நிக்கல்லயாம். நல்ல கேள்வி எண்டு ஆறுதலா யோசிச்சவவாம். நல்ல மறுமொழியும் வந்திட்டாம். வாயத் திறக்கக்குள்ள நீங்க முந்திட்டிங்களாம்."

"என்ன மறுமொழி அக்கா?"

"அது எனக்குத் தெரியா மனே. நான் கேக்கல்ல." பிறகு பையிலிருந்து இந்தச் செம்பை எடுத்தாள். "இத உங்களிட்டக் குடுக்கச் சொன்னவ. கோவமெல்லாம் எப்பவோ போயிற்று எண்டும் சொல்லச் சொன்னவ."

உறைபனியில் கார் நிறுத்துமிடத்தில் செம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னித்துவிட்டாய் என்றால் மனம் லேசாகவேண்டும்தானே? எனக்கு முகம் எரிந்தது. திருப்பித் தர ஒரு வழியும் வைக்காமல், ஒரு நிபந்தனையும் போடாமல் மன்னித்துவிட்டுப் போயிருக்கிறாய்.

இப்போது நான் கொம்யூனில் உதவிப்பணம் கேட்டு வருபவர்களுக்கு முன்னால் இருக்கிறேன். தங்கள் இல்லாமையை எல்லாம் மேசையில் விரித்துக் காட்டினால்தான் அவர்களுக்கு ஏதாவது கிடைக்கும். பாதியில் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். பக்கத்தில் இருக்கும் டெனிஷ்காரி உடனே தண்ணீர் வார்க்கக் கை நீட்டுவாள். நான் பேசாமல் இருப்பேன். அநேகமானவர்கள் அழுவதற்காக நிறுத்துவதில்லை. சொல்லைத் தேடுகிறார்கள். தேடி எடுத்துச் சொல்லியும் விடுகிறார்கள்.

ஆனால் அந்த நரைத்த தலைக்காரரின் கேள்விக்குப் பதில் இப்போது எனக்குத்தான் வேண்டியிருக்கிறது. மன்னிக்கப்பட்டவள் மன்னித்தவளின் முகத்தை எப்படிப் பார்க்கவேண்டும்? குசினியில் செம்பு பளபளவென்று இருக்கிறது. நான் பின் கதிரையில்தான் இருக்கிறேன். நீ ஆறுதலாக யோசி. இந்த முறை நான் வாய் திறக்கமாட்டேன்.