எங்கள் முறை

பிள்ளையின் அம்மாவுக்கு,

மகளின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நீர் மெல்பேர்னுக்குப் போனபின், நான் இங்கே கிரவீன் வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

ஹொக்கி கழக மலருக்கு அவள் பாதி எழுதிவைத்த கட்டுரையை முடித்துக் கொடுத்தேன். இங்கிலாந்தில் கோடையில் கிரிக்கெட் ஆடிய சிலர், குளிர்காலத்திலும் சேர்ந்து ஆடத்தான் ஹொக்கி கழகம் தொடங்கினார்களாம். அந்த வரியோடு நிறுத்தியிருந்தாள்.

சனிக்கிழமை ஆட்டத்துக்குத் தோடம்பழம் வெட்டிக்கொண்டு போனேன். இடைவேளைக்குப் பழம் கொண்டுவரும் பெற்றோர் பட்டியலில் அன்று நம் பெயர்தான் இருந்தது, யாரும் அழிக்கவில்லை.

“அங்கிள், இண்டைக்கு ஏன் கஷ்டப்பட்டு வந்தனீங்கள்?” என்றாள் அணித்தலைவி மிருணாளினி.

“எங்கட முறைதானே, பிள்ளை.”

பதினொரு பேருக்கு வெட்டியிருந்தேன். மகளுடைய இடத்தில் யாரையும் இறக்காமல் பத்துப் பேராகவே ஆடினார்கள். மிஞ்சியதை நான் தின்றேன். இனிப்பா புளிப்பா என்று தெரியவில்லை.

பிள்ளையின் அப்பா