மெல்பர்னுக்கே போ என்றேன்

கலகெதர,
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் ஷஹ்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே வாப்பாவின் முழங்கால் வலியைத் தவிர எல்லாரும் சுகம், என் கோபமும் சுகமாகத்தான் இருக்கிறது, அங்கே உன் உடம்புக்கும் படிப்புக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். போனில் சொன்னால் சரி உம்மா, சரி உம்மா என்று சிரித்து வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பள்ளிவாசல் பக்கத்து வீட்டு ருஷ்தி புதன்கிழமை கோலாலம்பூர் வருகிறான், அவன் கையில் இதையும் மாசிச் சம்பல் போத்தலையும் கொடுத்துவிடுகிறேன். போத்தலை அறைத் தோழிகளுக்கு முன்னால் திறக்காதே, உனக்கு மிஞ்சாது.

கடைசி வருஷத்தை எந்த நாட்டில் படிக்கிறாய் என்று முப்பதாம் தேதிக்குள் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாய். ஸ்கொட்லாந்திலும் இடம் இருக்கிறது, மெல்பர்னிலும் இடம் இருக்கிறது, மண்சரிவைப் பற்றிப் படிப்பிக்கிற நல்ல மெடம் ஒருவர் ஸ்கொட்லாந்தில் இருக்கிறா, அங்கேதான் மனம் போகிறது என்றாய். நான் மூன்று கிழமையாக மெல்பர்ன், மெல்பர்ன் என்று ஒரே பிடியில் நின்றேன். மண் சரிவதைப் பார்க்க அவ்வளவு குளிருக்குள் போக வேண்டுமா, மழைக்காலத்தில் நம் ஹந்தானை மலையில் ஒரு கிழமை நின்றால் போதாதா என்றும் கேட்டேன். அதோடு நீ போனை வைத்தாய். ஏன் மெல்பர்ன் என்று நீ ஒரு தடவையும் கேட்கவில்லை, உனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன், அது உன் படிப்புக்காக இல்லை, நளீர் மாமாவுக்காக.

எனக்கு மூத்தவர், கூடப் பிறந்த நானா என்று நம்பித்தானே அன்றைக்கு உன்னை மெல்பர்னுக்கு அனுப்பத் துணிந்தோம். அவருடைய மகள் ஜஹானாவின் வீட்டில் தங்கலாம் என்று அவரே வந்து வாக்குக் கொடுத்தார், அந்த வாக்கை வைத்துத்தான் வாப்பா தலையாட்டினார். விசா வந்தது, டிக்கட் எடுத்தோம், நீயும் நானும் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொன்னோம், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையெல்லாம் மன்னிச்சுக்கோங்க என்று ஒவ்வொரு வாசலிலும் மாப்புக் கேட்டாய், நாற்பத்து மூன்று வீடு, எனக்குக் கணக்குத் தெரியும். பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஜஹானா வீட்டில் இடம் காணாது என்று ஒரு வரியில் செய்தி அனுப்பினார். சொந்தக்காரர் வீடு இல்லாத ஊருக்குக் குமர்ப்பிள்ளையைத் தனியே அனுப்ப மாட்டேன் என்று வாப்பா டிக்கட்டைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் நானா சொன்னதை என் காதாலேயே கேட்டேன். கலகெதரக் கடைக்காரன்ட புள்ளைக்கு மெல்பர்ன் என்னத்துக்கு, பக்கத்துல ஏதாவது நாட்டைப் பாக்கச் சொல்லுங்க என்றார். பயணம் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்த பிள்ளை நீ. இன்னும் போகல்லையா மகள் என்று கேட்பவர்களுக்குப் பயந்து நாலு மாதம் முன் கதவுப் பக்கம் வராமல் இருந்தாய். கடைசியில் மலேசியாவுக்கு அனுப்பினோம், பக்கத்து நாடு, அவர் சொன்னபடியே.

அதை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை. இப்போது இரண்டு வருஷம் தனியே இருந்து காட்டிவிட்டாய், எங்கே வேண்டுமானாலும் போகட்டும், இனி எனக்குப் பயமில்லை என்று வாப்பாவே சொல்லிவிட்டார். அப்போதிருந்து எனக்குள் ஒரே நினைப்புத்தான். நீ மெல்பர்னில் இறங்க வேண்டும், ஜஹானா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அறை எடுக்க வேண்டும், ஒரு நாளும் அவள் கதவைத் தட்டக் கூடாது, அவளே கூப்பிட்டாலும் சாப்பிட்டுத்தான் வந்தேன் என்று வாசலோடு திரும்ப வேண்டும். பட்டம் வாங்கிய படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கண்டி டவுனில் இருக்கிற நானாவின் கடைக்கே கொண்டுபோய், வைக்க இடம் காணுமா என்று கேட்க வேண்டும். இதை நினைத்துக்கொண்டு ரொட்டி தட்டினால் மாவு தன்பாட்டில் மெலிந்து வருகிறது, வாப்பா கூட இந்த நாட்களில் ரொட்டி நன்றாக இருக்கிறது என்கிறார்.

நேற்று வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நானா வந்தார். பதினாலாம் தேதி ஹஜ்ஜுக்குப் போகிறார், பயணம் சொல்லி வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டதுமே எனக்குத் தெரியும், இங்கே வராமல் முடியாது. முன் அறையில் இருந்த நாலு கதிரையையும் உள்ளே தூக்கி வைத்துவிட்டு இருந்தேன். அவர் நின்றார், நானும் நின்றேன், பொறுக்க மாட்டாமல் வாப்பாதான் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார். ஹஜ்ஜுக்குப் போறேன் தங்கச்சி, மாப்பு செஞ்சிக்கோ என்றார். எனக்குச் செஞ்சதை எப்பவோ விட்டுட்டன், என்ட புள்ளைக்குச் செஞ்சதுக்கு அவகிட்டக் கேளுங்க என்றேன். அவர் முகம் சுருங்கியது, எனக்கு நல்லாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த பேச்சில் என்னைக் கவிழ்த்துவிட்டார். ஷஹ்மாவுக்கு மெல்பர்னில் இடம் கிடைத்திருக்கிறதாமே, ஜஹானா மேல் மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறாள், பிள்ளை அங்கேயே இருந்து படிக்கட்டும், என் குற்றம் அதோடு தீரட்டும் என்றார். அவர் படி இறங்கியதும் நான் வாப்பாவிடம், இனி மெல்பர்ன் பேச்சே வேண்டாம், அவர் கொடுத்த நாட்டில் என் பிள்ளை படிக்க வேண்டியதில்லை, ஸ்கொட்லாந்து என்று இப்போதே எழுதச் சொல்லுங்கள் என்றேன். வாப்பா காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே, மெல்பர்னும் நளீருக்காக, ஸ்கொட்லாந்தும் நளீருக்காக, அப்ப புள்ள எப்ப தெரிவு செய்யிற என்று கேட்டார்.

எனக்கு வாப்பா மேலும் கோபம் வந்தது. ஆனால் சுபஹுத் தொழுகைக்கு எழும்பியதிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். நீ அந்த மெடத்தைப் பற்றிச் சொன்னபோது அவருடைய பேர் என்ன என்று கூட நான் கேட்கவில்லை. போன வருஷ மழையில் நான் சமைக்கிற குசினிக்குப் பின்னால் மண் இறங்கி வந்த படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டாய், அது உன் படிப்புக்கு என்றுகூட எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. நானா உன்னை ஒரு நாட்டுக்குப் போகவிடாமல் செய்தார், நான் உன்னை இன்னொரு தடவை அவர் வாசலுக்கே அனுப்பப் பார்த்தேன். பயணம் போகிறவர்தான் மாப்புக் கேட்பது வழக்கம், வீட்டில் இருக்கிற நான் உன்னிடம் கேட்கிறேன், மாப்பு செய் மகள். இது எனக்கு மட்டும், நானாவுக்கும் சேர்த்து என்று நினைத்துவிடாதே. உன் நம்பரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், பதினாலுக்கு முன் போன் எடுப்பார். மாப்புக் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் உன் இஷ்டம், கேட்டவுடனே கொடுத்துவிடாதே என்பது மட்டும் என் ஆசை.

அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பரக்கத் செய்யட்டும், எந்த மண்ணில் கால் வைத்தாலும் அந்த மண் உன்னைத் தாங்கட்டும். இரவில் வெறும் வயிற்றோடு படுக்காதே, தலையில் ஈரத்தோடு வெளியே போகாதே. முப்பதாம் தேதியை மறக்காதே. படிவத்தைக் கொடுத்து முடித்த பிறகு எந்த நாடு என்று எனக்குச் சொல்லு, அதற்கு முன்னால் சொல்லாதே, நான் மாற்றச் சொல்லிவிடுவேன்.

உன் உம்மா,
மர்ஸூனா பளீல்